சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்வெர்ஷனும் (சுருக்கமாக எஸ்விஎன்) கிட்டும் மென்பொருளின் மூல நிரலில் (கோடு) யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவிகள். இது, பத்துப் பதினைந்து வருடம் சப்வெர்ஷனில் வளர்ந்த மென்பொருளைக் கிட்டுக்கு மாற்றப்போகும் குழுக்களுக்காக எழுதியது. சிவிஎஸ், மெர்க்கூரியல் என்ற இதே வகைக் கருவிகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எந்தக் கட்டளையை எப்படித் தட்டுவது என்பது அந்தந்தக் கருவியின் கையேட்டில் இருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை. எதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும், எங்கே கால் இடறும் என்பதைப் பார்ப்போம்.

சப்வெர்ஷன் நன்றாகத்தானே ஓடுகிறது. மாறியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சப்வெர்ஷன் செத்துப்போன மென்பொருள் இல்லை. அப்பாச்சி அறக்கட்டளை இன்றும் பராமரிக்கிறது. வேர்ட்பிரஸ்ஸின் பிளகின் கிடங்கு இன்றும் அதில்தான் இயங்குகிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழு அதற்கும் முந்தைய சிவிஎஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு தந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

மாறுவதற்கு நியாயமான காரணங்கள் மூன்று என்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கிட் மட்டுமே தெரிந்திருக்கிறது. கோட் ரிவ்யூ, தானியங்கிச் சோதனைக் கருவிகள் எல்லாம் கிட் இருக்கும் என்று நினைத்தே கட்டப்படுகின்றன. ஒரே நேரத்தில் பல பிராஞ்சுகளில் (தனித்தனிக் கிளைகளில்) வேலை நடந்து, அவற்றை மெர்ஜ் செய்வதிலேயே (ஒன்றிணைப்பதிலேயே) உங்கள் ஆட்களின் நேரம் போகிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லையென்றால், மூன்று பேர் வருடத்துக்கு நாலு முறை தொடும் கோடுக்கு இந்த வேலை தேவையில்லை.

கிட்டுக்குத்தான் போக வேண்டுமா? மெர்க்கூரியல் எளிதாக இருக்கிறதே?

எளிதுதான். மெர்க்கூரியலின் கட்டளைகள் கிட்டைவிடப் பதமானவை என்று இன்றும் வாதாடலாம். இரண்டும் ஒரே மாதத்தில், 2005 ஏப்ரலில் பிறந்தவை. லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் நின்றுபோனதால், லைனஸ் டோர்வால்ட்ஸ் ஒரு பக்கம் கிட்டை எழுத, வேறொரு பக்கம் மெர்க்கூரியல் எழுதப்பட்டது.

ஆனால் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பைத்தான் மொழியின் குழு 2009இல் மெர்க்கூரியலைத் தேர்ந்தெடுத்து 2011இல் மாறியது. 2017 பிப்ரவரியில் கிட்டுக்கு மறுபடி மாறியது. ஈமாக்ஸ் எடிட்டர் 2009 கடைசியில் பாசார் என்ற இன்னொரு கருவிக்குப் போய், 2014 நவம்பரில் கிட்டுக்கு வந்தது. ஜாவா மொழியின் ஓபன்ஜேடிகே 2020இல் வந்தது. மோசில்லா 2007இல் மெர்க்கூரியலுக்குப் போனது. ஃபயர்ஃபாக்ஸின் கோடு 2025இல்தான் கிட்டுக்கு வந்தது. ரெப்போக்களை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்குகளை) இணையத்தில் வைத்துத் தரும் பிட்பக்கெட் 2020 ஜூலையில் மெர்க்கூரியல் வசதியையே எடுத்துவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் சில மாத அவகாசத்தில் இடம் பெயர வேண்டியிருந்தது. இரண்டு முறை மாறியவர்கள் இரண்டு முறை செலவழித்தார்கள்.

விதிவிலக்கு உண்டு. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் தன் ஆசிரியர் ரிச்சர்ட் ஹிப் எழுதிய ஃபாசில் என்ற கருவியில் 2009 முதல் இருக்கிறது. சிறிய குழு, வெளியார் பங்களிப்பு தேவையில்லை, கருவியே அவர்களுடையது. உங்களுக்கும் அப்படியொரு நிலை இருந்தால் தாராளமாகப் போங்கள். ஜுஜுட்சு என்ற கருவி பிடிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். அது கிட் ரெப்போவின் மேலேயே ஓடும். எனவே ரெப்போவைக் கிட்டாக வைத்துக்கொண்டு, அவரவர் கணினியில் அவரவர் விருப்பம்.

பழைய வரலாறு முழுவதும் வேண்டுமா? இன்றைய நிலையை மட்டும் முதல் கமிட்டாகப் (ஒருமுறை பதியும் மாற்றமாக) போட்டால் என்ன?

லினக்ஸ் கெர்னல் அப்படித்தான் தொடங்கியது. கிட்டில் அதன் முதல் கமிட் 2.6.12-இன் இரண்டாவது முன்வெளியீடு. முழு வரலாற்றையும் இறக்கினால் 3.2 ஜிபி ஆகும், புதிதாகப் பிறந்த கருவிக்கு அது வீண் சுமை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டோர்வால்ட்ஸ் அந்தக் கமிட்டிலேயே எழுதிவைத்தார். விளைவு: 20 வருடம் கழித்தும், கெர்னலின் பழைய வரி ஒன்றை யார் எழுதினார் என்று கேட்டால், 2005 ஏப்ரலின் அந்த ஒரே கமிட்டில் வந்து முட்டி நிற்கும். அதற்கு முந்தையதைப் பார்க்கத் தனி வரலாற்று ரெப்போவை இழுத்து ஒட்டவைக்க வேண்டும்.

அவர்களுக்கு அன்று வேறு வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது. முழுவதையும் கொண்டுபோங்கள். வருடக்கணக்காக ஓடும் மென்பொருளில் 'இந்த விசித்திரமான இஃப் எதற்கு?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அவர் எழுதிய கமிட் செய்தி மட்டும் மிச்சமிருக்கும். அதைத் தூக்கியெறிந்து இரண்டு நாள் வேலையை மிச்சம் பிடிப்பது லாபமில்லை.

எந்தக் கருவியில் மாற்றுவது?

உங்கள் ரெப்போ ஒழுங்கானதா என்பதைப் பொறுத்தது. டிரங்க் (முதன்மை வேலை), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (வெளியீடு போன்றவற்றின் பெயர்க்குறிகள்) என்ற மூன்று ஃபோல்டர் அமைப்பு முதல் நாளிலிருந்து மாறாமல் இருந்து, சில ஆயிரம் ரிவிஷன்தான் (சப்வெர்ஷனில் ஒவ்வொரு கமிட்டும் வரிசை எண்ணுள்ள ஒரு ரிவிஷன்) என்றால், கிட்டோடு வரும் கிட்-எஸ்விஎன்னே போதும். அது ஒவ்வொரு ரிவிஷனாக சர்வரிடம் கேட்டு வாங்கும். அதனால் நெட்வொர்க் வழியாக ஓட்டினால் நாள்கணக்கில் இழுக்கும். முதலில் எஸ்விஎன்சிங்க்கிலோ ஹாட்காப்பியிலோ ரெப்போவின் நகலை உங்கள் கணினிக்கே கொண்டுவந்துவிட்டு ஓட்டுங்கள்.

டிரங்க் நடுவில் இடம் மாறியது, ஒரே ரெப்போவில் பத்து புராஜெக்ட், யாரோ டேக்கை பிராஞ்சஸ் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டார் என்ற மாதிரி இருந்தால் லினக்ஸ் டெஸ்க்டாப் தயாரிக்கும் கேடிஇ குழுவின் எஸ்விஎன்-டூ-கிட் நல்லது. தியாகோ மசியேரா தொடங்கியது. எந்தப் பாதை, எந்த ரிவிஷன் வரை, எந்த ரெப்போவின் எந்த பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்று விதிகளாக எழுதிக் கொடுக்கலாம். கேடிஇயின் ராட்சத சப்வெர்ஷன் ரெப்போவை நூற்றுக்கணக்கான கிட் ரெப்போக்களாக உடைத்தது இதுதான். ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் ரூபியில் எழுதிய வேறொரு கருவியும் உண்டு. அது கிட்-எஸ்விஎன்னுக்குப் போர்த்திய மேல்சட்டை மட்டுமே. தேடி இறக்கும்போது எது கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன். ஈமாக்ஸ் இதில்தான் மாறியது. ஜிசிசி கம்பைலரும் 2020 ஜனவரியில் இதில்தான் மாறியது. அந்த வேலைக்கு நடுவே பெரிய கூத்து நடந்தது. பைத்தானில் எழுதியிருந்த கருவி ஜிசிசி வரலாற்றின் அளவைத் தாங்காமல் திணற, கருவியையே கோ மொழிக்கு மாற்றி எழுதினார்கள். அது முடியுமா என்ற சந்தேகத்தில் இன்னொருவர் வேறு ஸ்கிரிப்டுகளில் தனியாக மாற்றிக் காட்ட, இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு மடல்குழுவில் நெடிய விவாதம் ஓடியது. அந்த ஒப்பீட்டால் இரண்டு பக்கத்திலும் பிழைகள் வெளியே வந்தன. உங்கள் ரெப்போ மிகச் சிக்கலானது என்றால் நீங்களும் இரண்டு கருவிகளில் ஓட்டி ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கும்.

சிவிஎஸ்ஸிலிருந்து வருகிறவர்கள் சிவிஎஸ்-டூ-கிட்டைப் பாருங்கள். சிவிஎஸ்ஸில் பல ஃபைல்களைச் சேர்த்த 'ஒரு கமிட்' என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வரலாறு. யார், எப்போது, என்ன செய்தி என்று பார்த்துக் கருவி யூகித்துத்தான் சேர்க்கிறது.

கமிட் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் எதற்கு?

சப்வெர்ஷனில் லாகின் பெயர் மட்டும் இருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எனவே லாகினுக்கு எதிரே முழுப் பெயரும் மின்னஞ்சலும் எழுதிய பட்டியல் தயாரிக்க வேண்டும். சின்ன வேலை என்று கடைசியில் தள்ளுவார்கள். உண்மையில் அதிக நாள் பிடிப்பது இதுதான். கணினியிடம் கேட்டுப் பெற முடியாத தகவல்.

நம் ஊர்க் குழுக்களில் கூடுதலாக ஒரு தலைவலி: இனிஷியல். ஒரே ஆள் ஓரிடத்தில் 'எஸ். கார்த்திக்', இன்னோரிடத்தில் 'கார்த்திக் எஸ்', மூன்றாவது இடத்தில் அப்பா பெயரை விரித்து 'கார்த்திக் சுப்பிரமணியன்'. இன்னொரு பக்கம், இரண்டு வேறு கார்த்திக்குகள் ஒரே ஆளாகிவிடும் ஆபத்து. ஆட்களிடமே கேட்டு, அவர்கள் விரும்பும் வடிவத்தைப் போடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களுக்கு, தொடர்பு கொள்ள முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் உங்கள் நிறுவன டொமைனில் லாகின் பெயரை வைத்து ஒரு முகவரி போடுங்கள். தேடிக் கண்டுபிடித்த சொந்த ஜிமெயிலை அவர் அனுமதியின்றி வரலாற்றில் பதிக்காதீர்கள். நாளை அந்த ரெப்போ பொதுவெளிக்கு வந்தால் அதுவும் சேர்ந்து வரும். ஆசிரியர் பெயரே இல்லாத ரிவிஷன்களும் பழைய ரெப்போக்களில் கிடக்கும், அதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும். மாற்றம் முடிந்தபின் தெரியவரும் சில்லறைத் தவறுகளை மெயில்மேப் ஃபைலில் சரிசெய்யலாம், வரலாற்றைத் தொட வேண்டாம்.

'4521ஆம் ரிவிஷனில் சரிசெய்தது' என்று நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதிவைத்திருக்கிறோம். அதெல்லாம் என்ன ஆகும்?

கிட்டில் வரிசை எண் கிடையாது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, 40 எழுத்துள்ள ஹாஷ் என்ற அடையாளம்தான். பழைய எண்ணை எங்காவது பத்திரப்படுத்தாவிட்டால், பக் டிராக்கரில் இருக்கும் அத்தனை குறிப்பும் முகவரி இல்லாத கடிதம்தான்.

பெரிய குழுக்கள் என்ன செய்தன? ஜிசிசியும் எல்எல்விஎம் கம்பைலர் குழுவும் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் பழைய எஸ்விஎன் எண்ணை ஒரு வரியாகச் சேர்த்தன. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளக் குழு அதைச் செய்தியில் கலக்காமல் கிட்-நோட்ஸ் என்ற தனிக் குறிப்புகளில் வைத்தது. பார்வைக்கு இரண்டாவது சுத்தம். ஆனால் நோட்ஸ் சாதாரண குளோனில் (ரெப்போவை நகலெடுத்து இறக்குவதில்) தானாக இறங்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இணைய முகப்புகள் பலவும் அதைக் காட்டுவதுமில்லை. நான் முதல் முறையைத்தான் சொல்வேன். செய்தியில் ஒரு வரி கூடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, தேடினால் உடனே கிடைக்கும். கிட்-எஸ்விஎன் தன்னிச்சையாகவே அப்படியொரு வரி சேர்க்கும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை நீக்கும் தேர்வைப் பல வழிகாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கின்றன. நீக்குவதானால் சுருக்கமான வேறு வரி ஒன்றைப் போட்டுவிட்டு நீக்குங்கள்.

இதோடு, எண்ணுக்கு எதிரே ஹாஷ் எழுதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி ரெப்போவிலேயே வைத்துவிடுங்கள். பக் டிராக்கரின் பழைய இணைப்புகளைத் திருப்பிவிட அது உதவும்.

ஏறுவரிசை எண் இல்லாமல் பில்டுக்கு (தொகுத்த மென்பொருளுக்கு) பெயர் வைக்க முடியாதே என்பவர்களுக்கு: பிராஞ்சில் இதுவரை எத்தனை கமிட் என்று எண்ணிச் சொல்லக் கிட்டால் முடியும். ஃபிரீபிஎஸ்டி பில்டுகளின் பெயரில் அந்த எண்ணிக்கையும் ஹாஷும் சேர்ந்தே இருக்கும். ஜிசிசியும் அதுபோலவே ஒரு எண் வைத்துக்கொண்டது. எது முந்தையது எது பிந்தையது என்று மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல அது போதும்.

பிராஞ்ச், டேக் எல்லாம் சரியாக வருமா?

சப்வெர்ஷனுக்கு பிராஞ்ச் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு அது ஒரு ஃபோல்டர் நகல். டேக்கும் அப்படியே. அதனால்தான் டேக்குக்குள் யாராவது பிறகு கமிட் செய்திருக்க முடிகிறது, டிரங்கின் பாதியை மட்டும் நகலெடுத்து பிராஞ்ச் என்று பெயர் வைத்திருக்க முடிகிறது. கிட் இதை ஏற்காது. அங்கே டேக் ஒரு கமிட்டைக் காட்டும் அம்புக்குறி, அவ்வளவுதான். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் போன வெளியீட்டின் டேக் என்றால், பின்னால் நடந்த கமிட்டையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்; அவர் கையில் இருப்பது அதுதான்.

மெர்ஜ் வரலாறு இன்னும் வழுக்கும். எதிலிருந்து எது மெர்ஜ் ஆனது என்ற குறிப்பை சப்வெர்ஷன் 2008இல் வந்த 1.5இலிருந்துதான் எழுதிவைக்கிறது. அதற்கு முந்தையதெல்லாம் கமிட் செய்தியில் மனிதர் எழுதியிருந்தால் உண்டு. பிந்தையதிலும், முழு பிராஞ்சை மெர்ஜ் செய்ததும் ஒரே ஒரு திருத்தத்தைப் பொறுக்கி எடுத்ததும் ஒரே மாதிரிக் குறிப்பாகவே இருக்கும். பொறுக்கி எடுத்ததைக் கருவி முழு மெர்ஜ் என்று பதிந்துவிட்டால், மிச்சத் திருத்தங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன என்று கிட் நம்பிவிடும். சந்தேகமிருந்தால் சாதாரணக் கமிட்டாகவே விட்டுவிடுங்கள்.

செத்த பிராஞ்சுகளை அழிக்க வேண்டியதில்லை. சாதாரண குளோனில் இறங்காத தனிப் பெயர்வெளியில் ஒதுக்கிவைக்கலாம். ஜிசிசி அப்படித்தான் செய்தது.

ரீநேம் செய்த ஃபைலின் வரலாறு அறுந்துபோகுமா?

அறுந்துபோகாது, ஆனால் கிட் ரீநேமைப் பதிவதே இல்லை. உள்ளடக்கம் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் ரீநேம் என்று பார்க்கும்போது யூகிக்கிறது. இனிமேல் ஃபைலை நகர்த்துவதை ஒரு கமிட்டாகவும் உள்ளே திருத்துவதை அடுத்த கமிட்டாகவும் செய்யச் சொல்லுங்கள்.

பெரிய ஃபைல்கள் நிறைய இருக்கின்றன.

இதை மாற்றும் நாளுக்கு முன்பே தீர்த்தாக வேண்டும். சப்வெர்ஷனில் செக்-அவுட் செய்தால் இன்றைய நிலை மட்டும் வரும். கிட்டில் குளோன் செய்தால் வரலாறு முழுவதும் வரும். 2009இல் யாரோ தெரியாமல் போட்டு மறுநாளே அழித்த டேட்டாபேஸ் பேக்கப்பும் அதில் ஒளிந்திருக்கும்; ஒவ்வொரு புது ஆளும் அதை இறக்குவார். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் வரலாற்றில் எங்கிருந்தாலும் புஷ்ஷையே (சர்வருக்கு அனுப்புவதையே) மறுத்துவிடும்.

மாற்றும்போதே கிட்-ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியில் அவற்றை நீக்குங்கள், அல்லது பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ்ஸுக்கு நகர்த்துங்கள். பிறகு நீக்கினால் அதற்குப் பின்வரும் எல்லா ஹாஷும் மாறும், எல்லோரும் மறுபடி குளோன் செய்ய வேண்டும். ஜார், டிஎல்எல் போன்ற நூலக ஃபைல்களுக்குப் பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது.

கோடு மட்டும் என்றால் கிட் நன்றாகவே சுருக்கும். ஓபன்ஜேடிகே தன் மாற்றத் திட்டத்தில், மெர்க்கூரியலில் 1.2 ஜிபியாக இருந்த வரலாறு கிட்டில் 300 எம்பி ஆனதாகக் குறிப்பிட்டது. மறுமுனையில் மைக்ரோசாஃப்ட்: விண்டோஸின் கோடு 35 லட்சம் ஃபைல், 300 ஜிபி. 2017இல் அதைக் கிட்டுக்குள் கொண்டுவர, தேவைப்படும் ஃபைலை மட்டும் அவ்வப்போது இறக்கும் தனிக் கோப்பு முறையையே அவர்கள் எழுத வேண்டியிருந்தது.

உங்களுடையது கேம் ஸ்டுடியோவாகவோ டிசைன் நிறுவனமாகவோ இருந்து, ஒரே ஃபைலை இருவர் தொடாமல் லாக் போடுவது அன்றாடத் தேவை என்றால், அந்தப் பகுதியை சப்வெர்ஷனிலேயே விட்டுவிட்டுக் கோடை மட்டும் மாற்றுங்கள். இரண்டு அமைப்பு வைத்திருப்பது அவமானம் ஒன்றும் இல்லை.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களும் தமிழில் எழுதிய கமிட் செய்திகளும் இருக்கின்றன. சிக்கல் வருமா?

வரும், ஆனால் தீரும். நான்கு விஷயம்.

முதலாவது, பார்த்தவுடன் பயமுறுத்துவது. கிட்டின் நிலைப் பட்டியலில் தமிழ்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் சாய்கோடும் 340, 256 என்ற எண்களுமாக நிற்கும். பெயர் கெடவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கிக்கு வெளியே உள்ளதைக் கிட் எண்ணாக்கிக் காட்டுகிறது. கோர் பிரிவில் உள்ள கோட்பாத் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும்.

இரண்டாவது, உண்மையான சிக்கல். 'கொ' என்பதில் வரும் ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேதான். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். எனவே 'கொள்முதல்' என்ற ஃபைல் உங்கள் சப்வெர்ஷன் ரெப்போவில் இரண்டு தனித்தனி ஃபைலாக இருக்க வாய்ப்புண்டு. மாற்றுவதற்கு முன் எல்லாப் பாதைகளையும் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்து, மோதுகிறதா என்று ஒரு சிறிய ஸ்கிரிப்டில் பாருங்கள். கிட்டில் மேக் பயனர்களுக்காக 2012 முதல் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அது புதிதாக வருவதைக் காக்கும். பழைய வரலாற்றைச் சரிசெய்யாது.

மூன்றாவது, சிவிஎஸ் காலத்து ரெப்போக்கள். சிவிஎஸ்ஸுக்கு எழுத்துக் குறியாக்கம் பற்றிய கவலையே இல்லை, பைட்டுகளை அப்படியே வைக்கும். 2000ஐ ஒட்டிய வருடங்களின் செய்திகள் திஸ்கியிலோ, தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய டாப், டாம் குறியாக்கங்களிலோ இருக்கலாம். திஸ்கியை லினக்ஸின் ஐகான்வ் நேரடியாக யூனிகோடாக்கும். டாப், டாமுக்குத் தனி மாற்றி வேண்டும். ஒரே ரெப்போவில் மூன்றும் கலந்திருந்தால் ஆள் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் பெரும்பாலும் ஒரே எழுத்துருவைத்தான் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

நான்காவது, நீளம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். லினக்ஸில் ஃபைல் பெயரின் வரம்பு 255 பைட், அதாவது 85 குறியீடு. அறிக்கைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைக்கும் வழக்கமுள்ள அலுவலகங்கள் கவனிக்க.

வேறு சில்லறை விஷயங்கள்?

காலி ஃபோல்டர் கிட்டில் நிற்காது. உள்ளே ஒரு ஃபைல் வேண்டும். சப்வெர்ஷனின் இக்னோர் பண்புகளைக் கிட்இக்னோர் ஃபைலாக்குங்கள். வரி முடிவு விவகாரத்தை ஒவ்வொருவர் கணினி அமைப்பிலும் விடாமல் கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எழுதி ரெப்போவிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ்காரர் ஒருவர் ஒரு வரி திருத்த, ஃபைல் முழுவதும் மாறியதாகக் காட்டும். டாலர் குறிக்குள் ரிவிஷன் எண் தானாக நிரம்பும் கீவேர்டுகள் இனி நிரம்பாது, பில்ட் ஸ்கிரிப்ட் அவற்றை நம்பியிருக்கிறதா என்று தேடுங்கள். வேறு ரெப்போவை உள்ளே இழுக்கும் எக்ஸ்டர்னல்ஸுக்குக் கிட்டின் சப்மாட்யூல் நேரடி மாற்று அல்ல. பேக்கேஜாக்க முடிந்தால் அதுவே மேல்.

இதோடு சேர்த்துக் கோடின் வடிவத்தையும் ஒழுங்குபடுத்திவிடலாமா?

கூடாது. ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எது கெட்டது, எதனால் கெட்டது என்று தெரியாது. சில வாரம் கழித்துத் தனிக் கமிட்டாகச் செய்யுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல், அந்தக் கமிட்டை பிளேம் (ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் கட்டளை) கணக்கில் எடுக்காதே என்று பட்டியலிட வசதியிருக்கிறது.

மாற்றும் நாளில் என்ன நடக்க வேண்டும்?

புதிதாக எதுவும் நடக்கக் கூடாது. மாற்றம் முழுவதும் ஒரே ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும். கையால் தட்டும் படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, வந்த பிரதியை ஆட்களிடம் விளையாடக் கொடுத்து, 'இதில் போடும் கமிட் எதுவும் நிலைக்காது' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். அன்று செய்வது: சப்வெர்ஷனில் ஹூக் (கமிட்டின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) போட்டுக் கமிட்டை நிறுத்துவது, ஸ்கிரிப்டைக் கடைசி முறை ஓட்டுவது, சரிபார்ப்பது, திறப்பது. ஜிசிசி இதை 2020 ஜனவரியில் ஒரு வார இறுதியில் முடித்தது. ஃபிரீபிஎஸ்டி பிரித்துச் செய்தது: 2020 டிசம்பர் தொடக்கத்தில் ஆவணங்கள், அதே மாதக் கடைசியில் மூல நிரல், 2021 ஏப்ரலில் போர்ட்ஸ் (வெளி மென்பொருள்களின் தொகுப்பு). குறைந்த ஆபத்துள்ளதை முதலில் அனுப்பிப் பார்க்கும் அந்த வரிசை நல்ல வரிசை. வெளியீடு நெருங்கும் வாரத்தில் வேண்டாம். நம் பக்கத்தில் பொங்கல், தீபாவளி விடுமுறை தோதானது என்று தோன்றும்; மறுநாள் குழு முழுவதும் அலுவலகத்தில் இருக்கும் நாளாகப் பாருங்கள், கேள்வி கேட்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

கொஞ்ச நாள் இரண்டும் இணையாக ஓடட்டுமே?

கிட்டிலிருந்து சப்வெர்ஷனுக்கு ஒருவழி நகல் என்றால் சரி, அதுவும் சில வாரம். இரண்டு பக்கமும் எழுதலாம் என்று வைத்தால், இரண்டையும் ஒத்திசைக்கும் மென்பொருளைப் பராமரிப்பதே தனி வேலையாகும். கிட்ஹப்பேகூடத் தன் ரெப்போக்களை எஸ்விஎன் கருவிகளில் அணுகும் வசதியை 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

சரியாக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கமிட் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள், அது பொருந்தாது. ஃபோல்டர் உருவாக்கிய ரிவிஷன், பண்பு மட்டும் மாற்றிய ரிவிஷன் எல்லாம் கிட்டில் மறைந்துபோகலாம்.

உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு டேக்கையும் ஒவ்வொரு பிராஞ்சின் நுனியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே எடுத்து டிஃப் ஓட்டுங்கள். கீவேர்ட், வரி முடிவு, காலி ஃபோல்டர் தவிர வேறு வேறுபாடு இருந்தால் நின்று காரணம் கண்டுபிடியுங்கள். அதன்பின் இடையிலுள்ள ரிவிஷன்களிலிருந்து சில நூறை ஸ்கிரிப்ட் குலுக்கல் முறையில் எடுத்து அதையே செய்யட்டும். கடைசியாக, எல்லோருக்கும் தெரிந்த பழைய ஃபைல் ஒன்றில் பிளேம் பாருங்கள். மூத்த புரோகிராமர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். 'இதை நான் எழுதவே இல்லையே' என்று அவர் சொன்னால் பெயர்ப் பட்டியல் தவறு.

கிட்டில் யார் பெயரில் வேண்டுமானாலும் கமிட் போடலாமாமே?

போடலாம். சப்வெர்ஷனில் லாகின் செய்த பெயரை சர்வர் எழுதும். கிட்டில் ஆசிரியர் பெயர் வெறும் எழுத்து, எழுதுகிறவர் இஷ்டம். 2021 மார்ச்சில் பிஎச்பியின் சொந்தக் கிட் சர்வரில் இரண்டு நச்சுக் கமிட்டுகள் ஏறின. அவற்றில் இருந்த பெயர்கள் மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃபும் முக்கியப் பராமரிப்பாளர் நிகிதா போபோவும். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கினார்கள். சொந்த சர்வரைக் கைவிட்டுக் கிட்ஹப்புக்குப் போனார்கள். யார் புஷ் செய்தார் என்ற பதிவை சர்வரில் வைத்திருங்கள், முக்கிய பிராஞ்சுக்கு ரிவ்யூ கட்டாயம், வரலாற்றை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷுக்குத் தடை. வெளியீட்டு டேக்குகளிலாவது டிஜிட்டல் கையொப்பம் போடுங்கள்.

ஃபோல்டர் வாரியாகப் படிக்கும் அனுமதி கொடுக்கும் வசதியும் சப்வெர்ஷனோடு போய்விடும். கிட்டில் ரெப்போவைப் படிக்க முடிந்தவர் முழுவதையும் படிப்பார். சிலர் மட்டும் பார்க்க வேண்டிய கோடு தனி ரெப்போவுக்குப் போகட்டும்.

கிட் ஹாஷ் கணக்கிடும் முறையான எஸ்ஹெச்ஏ-1 உடைந்துவிட்டது என்கிறார்களே?

2017இல் ஒரே ஹாஷ் தரும் இரண்டு பிடிஎஃப்களை ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிக் காட்டின. அதைச் சோதிக்க வெப்கிட் பிரவுசர் எஞ்சின் குழுவில் ஒருவர் அந்த இரண்டு ஃபைலையும் ரெப்போவில் போட, நின்றுபோனது அவர்களுடைய சப்வெர்ஷன்தான். கிட் அந்த வருடமே இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடிக்கும் எஸ்ஹெச்ஏ-1க்கு மாறிவிட்டது. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

படிக்க மட்டும் அனுமதியோடு குறைந்தது ஒரு வருடம் ஓடட்டும். பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பில்ட் இயந்திரங்களும், வருடம் ஒருமுறை மட்டும் ஓடும் கணக்கு முடிப்பு ஸ்கிரிப்டுகளும் அதற்குள் தலைகாட்டிவிடும். அணைப்பதற்கு முன் சர்வரின் அணுகல் பதிவைப் பாருங்கள், எந்த முகவரியிலிருந்து இன்னும் வருகிறார்கள் என்று தெரியும். பிறகு முழு டம்ப் எடுத்து, வேறொரு கணினியில் அதை ஏற்றிப் பார்த்து, ஏறுகிறது என்று உறுதியானபின் இரண்டு இடத்தில் வையுங்கள். மாற்றிய ஸ்கிரிப்ட், பெயர்ப் பட்டியல், எண்-ஹாஷ் அட்டவணை மூன்றையும் அதோடேயே வையுங்கள்.